பெர்மாகல்ச்சர் பயிலரங்கத்துக்கு இடம் தேர்வு செய்வது எப்படி? புதுச்சேரி மூலக்குளத்தை வைத்து ஒரு கணக்கு

இயற்கை விவசாயம், மண் வீடு, மாடித் தோட்டம், மழைநீர் சேமிப்பு. இதையெல்லாம் ஒரே இடத்தில் கற்றுத்தரும் பயிலரங்கங்கள் புதுச்சேரி வட்டாரத்தில் புதிதல்ல. ஆரோவில் பக்கம் போனால் ஏதாவது ஒரு அறிவிப்புப் பலகை கண்ணில் படும். இப்போது அந்த ஆர்வம் நகரத்துக்குள்ளும் வந்துவிட்டது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால், "நாமே ஒரு பயிலரங்கம் நடத்தலாமா?" என்ற பேச்சு வருகிறது.

நடத்தலாம். ஆனால், எங்கே நடத்துவது? பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது தங்கும் அறை, சாப்பாடு, வாடகை. இவை தேவைதான். ஆனால் பெர்மாகல்ச்சரைப் பொறுத்தவரை இடம் என்பது வெறும் கூரை அல்ல, அதுதான் பாடப்புத்தகம். தப்பான இடத்தை எடுத்தால், எவ்வளவு நல்ல பயிற்சியாளர் வந்தாலும் பாடம் காகிதத்தோடு நின்றுவிடும்.

புதுச்சேரியின் மேற்கு வாசல் போல இருக்கும் மூலக்குளத்தை மையமாக வைத்து இதைப் பார்க்கலாம்.

பெர்மாகல்ச்சர் என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரென் இருவரும் 1970-களில் உருவாக்கிய சொல் இது. 1978-ல் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் மூலம் உலகுக்குத் தெரிய வந்தது. 'நிலைத்த வேளாண்மை' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் இது வெறும் விவசாய முறை அல்ல. தண்ணீர், மண், மரம், ஆடு மாடு, வீடு, கழிவு, மனிதர்கள் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று உதவும்படி ஓர் இடத்தில் அமைக்கும் திட்டமிடல் முறை.

குளித்த தண்ணீர் வாழைக்குப் போக வேண்டும். வாழை இலை மாட்டுக்குப் போக வேண்டும். சாணம் மண்ணுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். நம்ம ஊர் கொல்லைப்புறத்தில் பாட்டிமார் செய்துவந்த காரியம்தான் இது. அதையே ஒரு பாடத்திட்டமாக ஒழுங்குபடுத்தினார்கள்.

இதன் அடிப்படைச் சான்றிதழ் வகுப்புக்கு உலகம் முழுக்க ஒரு பொது அளவு உண்டு: 72 மணி நேரம்.

சூழல் கிராமம் என்றால்?

பெர்மாகல்ச்சர் ஒரு நிலத்தைத் திட்டமிடுகிறது என்றால், சூழல் கிராமம் ஒரு ஊரையே அப்படித் திட்டமிடுகிறது. மின்சாரம், வீடு, உணவு, வருமானம், முடிவெடுக்கும் முறை எல்லாம் இதில் அடக்கம். இத்தகைய ஊர்களை இணைக்கும் உலகளாவிய வலையமைப்பு 1995-ல் உருவானது.

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சமாச்சாரம்' என்று நினைக்க வேண்டாம். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. அந்த ஊருக்கு யாரும் சூழல் கிராமம் என்று பெயர்ப்பலகை மாட்டவில்லை. செய்த வேலை அதுதான்.

இந்தியாவில் முதல் வகுப்பு எங்கே நடந்தது?

இடம் தேடுபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. 1987-ல் பில் மாலிசன் இந்தியா வந்து பெர்மாகல்ச்சர் வகுப்பு எடுத்தார். அது டெல்லியிலோ மும்பையிலோ ஒரு ஓட்டல் அரங்கில் நடக்கவில்லை. இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே உள்ள பஸ்தாபூர் கிராமத்தில் நடந்தது. மழை குறைந்த, மண் தேய்ந்த தக்காணப் பகுதி அது. அங்கே ஏழைப் பெண் விவசாயிகளோடு வேலை செய்துவந்த தக்காண மேம்பாட்டு சங்கம்தான் வகுப்பை நடத்தியது.

வகுப்பு முடிந்து பயிற்சியாளர் ஊருக்குப் போனார். ஆனால் வேலையைத் தொடர ஆள் இருந்தார்கள். அப்படித் தொடர்ந்தவர்களில் ஒருவர் நரசன்னா கொப்புலா. பின்னர் 'அரண்யா' என்ற அமைப்பின் மூலம் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறார்.

சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பரில் உலக பெர்மாகல்ச்சர் மாநாடு இந்தியாவுக்கு வந்தது. அப்போது ஏற்பாட்டாளர்கள் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. உரைகள், விவாதங்கள் நடந்த மாநாட்டை ஐதராபாத்தில் வைத்தார்கள். அதைத் தொடர்ந்த கூடுகையை ஜஹீராபாத் பக்கம் உள்ள ஒரு பண்ணையில் வைத்தார்கள். பேசுவதற்கு ஓர் இடம், மண்ணைத் தொடுவதற்கு ஓர் இடம். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் திணிக்கவில்லை.

மூலக்குளத்துக்கு இந்த மாதிரிதான் பொருந்தும்.

மூலக்குளத்தில் என்ன சிறப்பு?

பெயரிலேயே குளம் இருக்கிறது. ஆனால் இன்று மூலக்குளம் என்றால் கடைகள், குடியிருப்புகள், விழுப்புரம் சாலையின் நெரிசல். உழவர்கரை நகராட்சிப் பகுதிக்குள் வருகிறது. இங்கே 5 ஏக்கர் காலி நிலம் தேடினால் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது.

ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே போனால் கோரிமேடு தாண்டி ஆரோவில்லின் செம்மண் மேட்டு நிலம். வடமேற்கே ஊசுட்டேரி, புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரி, பறவைகள் சரணாலயம். மேற்கே வில்லியனூர், சங்கராபரணி ஆறு, வண்டல் நிலம். தெற்கே போனால் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர். கிழக்கே கடல்.

அதாவது, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மேட்டு நிலம், ஏரி, ஆற்றுப் படுகை, நெல் வயல், கடற்கரை என ஐந்து விதமான நிலம். எனவே மூலக்குளத்தை வகுப்பறையாகவும், சுற்றுவட்டாரத்தைக் களமாகவும் வைத்துக்கொள்ளலாம். பஸ் வசதி இருப்பதால் வேலைக்குப் போகிறவர்கள், பெண்கள் மாலையில் வீடு திரும்ப முடியும். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருப்பது இன்னொரு தெம்பு. களத்தில் வேலை செய்யும்போது பாம்புக்கடி, வெயில் மயக்கம் எதுவும் நடக்கலாம்.

ஆரோவில்லிலேயே நடத்தினால் என்ன?

நியாயமான கேள்வி. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அது மரங்கள் அரிதான செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் அரித்துக்கொண்டு கடலுக்குப் போகும். முதலில் வந்தவர்கள் வரப்பு போட்டு தண்ணீரை நிறுத்தினார்கள், பிறகு மரம் வைத்தார்கள். இன்று அது காடு. 2003-ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் இதே வேலையைச் சுமார் 70 ஏக்கரில் தன்னார்வலர்களைக் கொண்டு செய்கிறது. மண் கட்டடத் தொழில்நுட்பத்துக்கு ஆரோவில் புவி நிறுவனம், இயற்கை வேளாண்மைக்கு சாலிட்யூட் பண்ணை என்று பார்க்க நிறைய இருக்கிறது.

ஆகவே பார்க்கப் போக வேண்டிய இடம், சந்தேகமே இல்லை. ஆனால் பாடம் முழுவதையும் அங்கேயே எடுப்பதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, மண். மேட்டு நிலத்தில் சம உயரக் கோட்டில் பள்ளம் வெட்டி மழைநீரைத் தேக்குவது அருமையான உத்தி. அதையே பாகூர் பக்கம், ஏற்கெனவே தண்ணீர் தேங்கும் களிமண் வயலில் செய்தால் பயிர் அழுகிப் போகும். அங்கே தேவை வடிகால். ஓரிடத்தில் கற்ற உத்தியை இன்னோர் இடத்தில் அப்படியே ஒட்டுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு மண்ணையும் காலால் மிதித்தவருக்குத்தான் வித்தியாசம் புரியும்.

இரண்டு, ஆள். பக்கத்து ஊர் விவசாயி அங்கே சமையலுக்கோ கூலி வேலைக்கோ வருகிறார், வகுப்பில் உட்காருவதில்லை என்றால், அந்தப் பயிலரங்கம் யாருக்காக என்ற கேள்வி வரும்.

இடத்தை முடிவு செய்யும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. சங்கராபரணியில் வெள்ளம் வந்தது. அன்றைக்கு நீங்கள் பார்க்கும் நிலத்தில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது? பக்கத்து டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். சுவரில் கறை இருக்கும். எந்த வரைபடத்தையும் விட அது நல்ல தகவல்.

அதேபோல கோடையில் கிணறும் போர்வெல்லும் என்ன நிலையில் இருக்கும், தண்ணீர் உப்பாக மாறுகிறதா என்பதையும் கேளுங்கள். கடலோரப் பகுதி என்பதால் இது முக்கியம்.

தங்கிப் படிக்கும் பயிலரங்கம் என்றால் கணக்கும் போட வேண்டும். கிராமப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அரசு அளவு. நகரத்துக்கு 135 லிட்டர். பங்கேற்பாளர், பயிற்சியாளர், சமையல்காரர் என 40 பேர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 2,200 முதல் 5,400 லிட்டர். 12 நாளுக்கு 26,400 முதல் 64,800 லிட்டர். இதை டேங்கர் லாரியில் வரவழைத்துக்கொண்டே 'நீர் மேலாண்மை' வகுப்பு எடுத்தால் பங்கேற்பாளர்களே சிரிப்பார்கள்.

2. அங்கே செய்ய வேண்டிய வேலை உண்மையில் இருக்கிறதா?

எல்லாம் முடிந்து பச்சைப்பசேல் என்று இருக்கும் பண்ணை, படம் எடுக்க நன்றாக இருக்கும். கற்றுக்கொள்ள? மண் அரிப்பு, வழிந்தோடும் கழிவுநீர், காய்ந்த மூலை என ஏதாவது ஒரு பிரச்சனை உள்ள நிலம்தான் பயிற்சிக்கு ஏற்றது. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் வானகத்தைத் தொடங்கியபோது வளமான நிலத்தைத் தேடிப் போகவில்லை. வறண்ட நிலத்தைத்தான் எடுத்தார். மூடாக்கு, பலபயிர், மழைநீர்க் குழி எல்லாவற்றையும் அந்த நிலத்திலேயே காட்ட முடிந்தது அதனால்தான்.

3. எல்லோரும் போன பிறகு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. 12 நாளில் 200 கன்று நட்டுவிடலாம். 13-ம் நாள் யார் இருப்பார்கள்? "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று நில உரிமையாளர் சொன்னால் அது பதில் இல்லை. பெயர் சொல்ல வேண்டும். அந்த ஆள் பயிலரங்கத்தில் முழு நாளும் உட்கார வேண்டும். அவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கூலி வேலை செய்பவர் என்றால் அந்த நாட்களுக்கான கூலியையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒருவர் கிடைக்கவில்லை என்றால், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கைவிட்டுவிடுவது நல்லது. அல்லது கன்று நடும் வேலையை விட்டுவிட்டு, பராமரிப்பு தேவைப்படாத பயிற்சிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தனியார் நிலம்தான் வேண்டும் என்பதும் இல்லை. பள்ளிக்கூடத் தோட்டம், கோயில் நிலம், குடியிருப்போர் சங்கத்தின் பூங்கா, ஏரிக்கரை என்று பொது இடங்களும் உண்டு. புதுச்சேரியில் 84 ஏரிகள் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே ஏரி நீரைப் பங்கிட விவசாயிகள் சங்கங்கள் இயங்கின. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. இப்படிப் பொறுப்பேற்கும் பழக்கம் இருக்கும் ஊரில் வேலை நிலைக்கும்.

4. அது யாருடைய எல்லை?

புதுச்சேரியில் இது தமாஷான விஷயம். ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு. மூலக்குளத்தில் இருந்து பெரம்பை சாலையில் கொஞ்ச தூரம் போனால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். ஆரோவில்லின் பெரும்பகுதியும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊசுட்டேரியே இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. எனவே எந்தப் போலீஸ் நிலையம், எந்த ஊராட்சி அல்லது நகராட்சி, எந்த வனத்துறை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சரணாலயப் பகுதியில் அனுமதி இல்லாமல் எதையும் தோண்டக் கூடாது.

வெளிநாட்டினர் தங்குவதாக இருந்தால், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர்களது விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். அவர்களது விசா இந்த வகுப்புக்குப் பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

5. கழிப்பறை, சமையல் எப்படி?

இவற்றைப் 'பின்னால் பார்த்துக்கலாம்' என்று விட்டால்தான் பயிலரங்கம் சொதப்பும். உலர் கழிப்பறை என்றால் பலருக்குத் தயக்கம் வரும். ஆனால் திருச்சி மாவட்டம் முசிறியில் 'ஸ்கோப்' அமைப்பு, தண்ணீர் அதிகம் தேவைப்படாத சூழல் கழிப்பறைகளைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கே கொண்டுவந்து காட்டியது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சாம்பலோ மரத்தூளோ போட்டு மூடினால் நாற்றம் வராது. வழக்கமான கழிப்பறை ஒன்றிரண்டையும் வைத்துக்கொண்டு, விரும்புபவர்கள் பழகட்டும் என்று விடலாம்.

சமையல் கழிவு, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஆகியவற்றுக்கு ஒரு வாழைக் குழி போதும். முதல் நாளே வெட்டிவிட்டால், கடைசி நாள்வரை அது தினசரிப் பாடமாக இருக்கும்.

எந்த மாதத்தில் நடத்தலாம்?

புதுச்சேரியில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதமும் திறந்தவெளி வகுப்புக்கு ஆபத்து. 2011-ல் தானே புயல் டிசம்பர் 30-ம் தேதி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாங்காது.

பொங்கல் முடிந்து மார்ச் வரை வசதியான காலம். ஆனால் ஒரு சிக்கல். வரப்பு, பள்ளம் வெட்டும் வேலையை மழைக்கு முன்னால் முடித்தால்தான் தண்ணீர் நிற்கும். பிப்ரவரியில் வெட்டினால் அது சரியாக வேலை செய்ததா என்று பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி, பயிலரங்கத்தை இரண்டாகப் பிரிப்பது. ஆகஸ்ட் கடைசியில், மாலை மழை மண்ணை இளக்கியிருக்கும் நேரத்தில், நாலு நாள் அளந்து வெட்டும் வேலை. மீதி ஜனவரி கடைசியில். தண்ணீர் எங்கே நின்றது, எங்கே உடைத்துக்கொண்டு போனது என்று அதே ஆட்கள் வந்து பார்ப்பார்கள். தான் வெட்டிய வரப்பு உடைந்திருப்பதைப் பார்த்தவர் அடுத்த முறை சரியாக வெட்டுவார்.

72 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

தங்கிப் படிப்பது என்றால் தினம் 6 மணி நேரம் வீதம் 12 நாள். ஆனால் 12 நாள் லீவு எடுக்க யாரால் முடியும்? கடை வைத்திருப்பவர், தனியார் கம்பெனியில் வேலை செய்பவர், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ள பெண்கள் இவர்களெல்லாம் தானாகவே வெளியே போய்விடுவார்கள். அதே 72 மணி நேரத்தை 9 ஞாயிற்றுக்கிழமை, தலா 8 மணி நேரம் என்று வைத்தால் இவர்கள் வர முடியும். தங்கும் செலவும் இல்லை. மூலக்குளம் போன்ற நகர விளிம்புக்கு இந்த வழிதான் தோது.

முழு வகுப்புக்கு முன்பு ஒரு நாள் அறிமுகம் வைத்துப் பார்ப்பதும் நல்லது. ஒரு வீட்டு மாடியிலேயே நடத்தலாம். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். ஆவியாவது, சிந்துவது போக 80 சதவீதம் பிடித்தாலும், புதுச்சேரி மழைக்கு ஆண்டில் ஒரு லட்சம் லிட்டர் தாண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினாலே பலர் அடுத்த வாரமும் வருவார்கள்.

எந்த மொழி, எவ்வளவு கட்டணம்?

பயிற்சியாளர் ஆங்கிலத்தில் பேசி, ஒருவர் தமிழில் சொன்னால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அட்டவணை போடும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழிலேயே நடத்தினால் இன்னும் நல்லது. வரப்பு, மூடாக்கு, ஊடுபயிர், மடை, வாய்க்கால் என்று இந்தத் துறைக்கான சொற்கள் நம் விவசாயிகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

கட்டணத்தில் ஒரே அளவு வேண்டியதில்லை. வெளியூர், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தொகை, உள்ளூர்க்காரர்களுக்குக் குறைவான தொகை, விவசாயிகளுக்கு இலவசம் என்று மூன்று படி வைக்கலாம். இலவச இடங்கள் எத்தனை என்பதை அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் செலவு கூடும்போது முதலில் காணாமல் போவது அந்த இடங்கள்தான்.

முன்பணம் கொடுக்கும் முன்

எந்த இடமாக இருந்தாலும் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு முறை மதியம் 2 மணிக்கு, நிழல் எங்கே என்று தெரிய. ஒரு முறை இரவு 8 மணிக்கு, கொசு, வெளிச்சம், கடைசி பஸ் தெரிய. இன்னொரு முறை நல்ல மழைக்கு அடுத்த நாள் காலை. அன்றைக்கு நிலத்தில் ஈரம் போன தடம் தெளிவாகத் தெரியும். அந்தத் தடத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், பயிலரங்கத்தின் முதல் வகுப்புக்கான படம் தயார்.